கறிக்கு ஐஸ், தோலுக்கு உப்பு

ஆம்பூர் என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது பிரியாணி. அடுத்தது ஷூ. இரண்டும் ஒரே ஊரில் பெயர் வாங்கியதில் ஆச்சரியம் இல்லைதான். கறி இருக்கிற இடத்தில் தோலும் இருக்கும். ஆனால் ஒரே ஆட்டின் இந்த இரண்டு பாகமும் போகிற பாதை இருக்கிறதே, அது முற்றிலும் வேறு. விடியற்காலையில் அறுத்த ஆட்டின் கறி மதியத்துக்குள் அண்டாவில் வெந்து, மாலைக்குள் காலியாகிவிடும். தோலோ கை மாறி, மண்டி மாறி, பதனிடப்பட்டு, வெட்டித் தைக்கப்பட்டு, மாதக்கணக்கில் கழித்து கடல் தாண்டி ஏதோ ஒரு ஐரோப்பிய நகரத்துக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்காரும்.

உலகத்தின் வேறு சில மூலைகளில் கறியும் கடல் தாண்டிப் போகிறது. 1882ல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்குப் போன ஆட்டுக்கறியில்தான் அந்தக் கதை சூடு பிடிக்கிறது (சூடு என்பது பொருத்தமான வார்த்தை இல்லை!). கறியைக் கெடாமல் கொண்டுபோக மனிதன் குளிரைக் கண்டுபிடித்தான். அதே விலங்கின் தோலுக்கு மட்டும் இன்று வரை பெரும்பாலும் உப்புதான். அந்த உப்பு கடைசியில் எங்கே போனது என்று தேடினால் பாலாற்றுக்கு வந்து சேருகிறோம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பச்சைத் தோல் என்பது உணவு மாதிரியே கெடும் பொருள். செருப்பாகவும் பையாகவும் மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இது தோன்றுவதில்லை. தோலில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. நம் ஊர் வெயிலில் உரித்த சில மணி நேரத்திலேயே வேலை ஆரம்பித்துவிடும். முதலில் முடி கழன்று வரும், பிறகு மேல்புறம் அரிக்கும், அதற்குப் பிறகு அந்தத் தோலை யாரும் வாங்க மாட்டார்கள். ஆக கறிக்கடைக்காரருக்கும் தோல் வியாபாரிக்கும் இருப்பது ஒரே எதிரி: நேரம்.

சரி, கெடும் பொருளைக் கடலில் கொண்டுபோக மனிதர்கள் என்னவெல்லாம் செய்து பார்த்தார்கள்?

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையின் முதல் அத்தியாயம் கண்ணெதிரே இருக்கிறது. மெரினா கடற்கரைச் சாலையில் உள்ள விவேகானந்தர் இல்லம்தான் அது. பழைய ஆட்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள். பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் அங்குள்ள ஏரிகளில் உறையும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதித்து, கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றவர். பைத்தியக்காரத்தனம் என்று ஊரே சிரித்திருக்கிறது. 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பி, செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தது. வழியில் கரைந்தது போக சுமார் 100 டன் மிச்சம்! நான்கு மாதம், பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி. சென்னையில் ஐஸ் வைப்பதற்கான கட்டிடம் 1842ல் எழுந்தது. அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் கடலில் நிற்கும், மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டி சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். ஐஸும் அப்படித்தான் வந்தது. கிடங்கைக் கடற்கரையை ஒட்டியே கட்டியதற்குக் காரணம் விளங்குகிறதல்லவா?

ஐஸ் கப்பல்களில் ஐஸோடு சேர்த்து அமெரிக்க ஆப்பிளும் வந்தது. அதாவது குளிரில் வைத்த உணவு கடல் வழியாக இந்தியாவுக்கு வருவது 1830களிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் அந்தக் குளிர் வெள்ளைக்கார துரைமார்களின் கோப்பைக்கானது. கறிக்கோ மீனுக்கோ தோலுக்கோ அது கட்டுப்படியாகாது. 1870களில் நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் டூடரின் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தக் கட்டிடம் கை மாறி, பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞரிடம் வந்து, 1897ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். மீதிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததே.

உலகத்தின் தென்கோடியில் அப்போது வேறொரு பிரச்சினை இருந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அர்ஜென்டினா மூன்றிலும் ஆடுமாடுகள் ஏராளம், தின்ன ஆள் குறைவு. இங்கிலாந்திலோ ஆள் ஏராளம், கறி விலை தாங்க முடியவில்லை. அந்தக் காலத்து அர்ஜென்டினாவில் மாட்டை அறுத்ததே தோலுக்காகவும் கொழுப்புக்காகவும்தான். உப்புப் போட்ட தோல் கப்பலேறும். கறியில் ஒரு பகுதியை உப்புக்கண்டம் போட்டு கியூபா, பிரேசில் தோட்டங்களின் அடிமைகளுக்குத் தீனியாக விற்பார்கள், மிச்சம் வீண். தோலுக்கு விலை, கறிக்கு மதிப்பில்லை என்று உலகம் தலைகீழாக இருந்த காலம் அது.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒரு பத்திரிகைக்காரர். அச்செழுத்துக்களை ஈதர் ஊற்றித் துடைக்கும்போது உலோகம் ஜில்லென்று ஆவதைக் கவனித்து, அதிலிருந்து ஐஸ் இயந்திரம் வரை போனவர் என்று சொல்வார்கள். 1873ல் 'நார்ஃபோக்' கப்பலில் உறைந்த கறியை லண்டனுக்கு அனுப்பிப் பார்த்தார். வழியிலேயே கெட்டுவிட்டது. மனிதர் கடனாளி ஆனார். 1876ல் பிரான்சின் சார்ல் தெல்லியே 'ஃபிரிகோரிஃபிக்' என்ற கப்பலில் குளிர் இயந்திரம் பொருத்தி புவெனஸ் அயர்ஸுக்கு அனுப்பினார். 1880 பிப்ரவரியில் 'ஸ்ட்ராத்லெவன்' ஆஸ்திரேலியக் கறியோடு லண்டன் சேர்ந்தது.

ஆனால் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது 'டனீடின்' கப்பலைத்தான். பாய்மரக் கப்பல், அதன் வயிற்றுக்குள் நிலக்கரியில் ஓடும் பெல்-கோல்மன் குளிர்காற்று இயந்திரம். 1882 பிப்ரவரி 15 அன்று நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸிலிருந்து கிட்டத்தட்ட 5000 உருப்படி ஆட்டுக்கறியோடு கிளம்பியது. புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறி பாய்களில் விழுந்து பயமுறுத்தியது. வெப்பப் பகுதியில் குளிர்காற்று அறையின் எல்லா மூலைக்கும் போகவில்லை என்று தெரிந்து, கேப்டன் விட்சன் தானே காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து போய் துளை போட்டிருக்கிறார். உள்ளேயே விறைத்துப் போனவரைக் காலில் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள். 98 நாள் கழித்து மே 24 அன்று லண்டன். கெட்டுப்போனது என்று ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு உருப்படி!

அதன் பிறகு நியூசிலாந்து நாட்டின் தலையெழுத்தே மாறிவிட்டது. கறி, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று ஒரு நாடே குளிர்க்கப்பலை நம்பி எழுந்தது. இந்தக் கட்டுரைக்குத் தேவையான விஷயம் அதிலே ஒன்று உண்டு. துறைமுகத்தை ஒட்டி வந்த பெரிய உறைநிலைய ஆலைகளில் ஆயிரக்கணக்கான ஆடுகள் ஒரே கூரையின் கீழ் அறுக்கப்பட்டன. அதனால் தோலும் அதே இடத்தில் அன்றே கிடைத்தது. பக்கத்திலேயே கம்பளி நீக்கும் கூடம் வைத்து, தோல் கெடுவதற்கு முன்பே அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிட முடிந்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பிறகு அந்தப் பாதை பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் லண்டன் கிட்டே வந்துவிட்டது. தோல் தொழிலுக்கு வேண்டிய எல்லாம் வட ஆற்காட்டில் இருந்தன: ஆற்று மணலில் ஊறும் தண்ணீர், சுண்ணாம்பு, காட்டில் ஆவாரம்பட்டை, கடுக்காய், முதல் போடத் தயாரான முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள், குழியில் இறங்கி வேலை செய்ய வேறு வழியில்லாத தலித் மக்கள். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கல்கத்தாவிலிருந்து மாட்டுத்தோல் பச்சையாகவே, அதாவது காயவைத்தோ உப்பிட்டோ சிலசமயம் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கரைசலில் முக்கியோ ஜெர்மனிக்குப் போனது. சென்னை மாகாணம் வேறு வழியில் போனது. இங்கே தோலைச் சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் கொடுத்து, எண்ணெய் தடவி, அரைப் பதத்தில் கப்பலேற்றினார்கள். லண்டன் ஏலத்தில் இதற்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். அங்கே வாங்குகிறவர் அந்தப் பட்டைச்சாற்றை ஓரளவு கழுவி எடுத்துவிட்டு, தன் விருப்பப்படி மறுபடியும் பதனிட்டுக்கொள்வார்.

யோசித்துப் பார்த்தால் ஆவாரம்பட்டை செய்த வேலையும் குளிர்க்கப்பல் செய்த வேலையும் ஒன்றுதான். கெடும் சரக்கு கடல் கடக்க வேண்டும். டனீடின் கப்பல் இயந்திரத்தால் அதைச் சாதித்தது, வாணியம்பாடிக்காரர் பட்டைக் குழியால் சாதித்தார். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸ்களுக்கு இந்தத் தோல் தேவைப்பட்டு, அரசாங்கமே நேரடியாக வாங்கும் அளவுக்கு இதன் மவுசு ஏறியது. இந்தப் பழைய முறைத் தோலுக்கு 2008ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் பட்டைக் குழிக்கு வந்து சேரும் வரை தோல் கெடாமல் இருக்க வேண்டுமே! அங்கேதான் உப்பு வருகிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆலைகளுக்கு உள்ளூர்த் தோல் மட்டும் என்றுமே போதாது. நாடு முழுவதிலிருந்தும் வருகிறது. ஒரு கிராமத்துக் கறிக்கடையில் இரண்டு, பக்கத்து ஊரில் நான்கு என்று சில்லறை வியாபாரி சேகரிப்பார். அது மண்டிக்குப் போகும், அங்கிருந்து பெரிய வியாபாரி, பிறகு லாரி. நாட்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. இத்தனை நாளும் தோலைக் காப்பது கல்லுப்புதான். தோலின் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பு! நூறு கிலோ தோலுக்கு நாற்பது கிலோ. உப்பு மலிவு, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், கரண்ட் வேண்டாம், படிப்பு வேண்டாம். இதைவிட எளிமையான முறை கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. தோலை மறுபடி மெதுவாக்க தண்ணீரில் ஊறவைப்பார்கள். அந்த ஊறல் தண்ணீர் கடல்நீர் அளவுக்கு, சில சமயம் அதைவிடவும் உப்பாக இருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. குடிநீரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. குரோமியம் போன்றவற்றை ரசாயனம் போட்டு வீழ்படிவாக்கிப் பிரித்துவிடலாம். உப்பை அப்படிப் பிரிக்க முடியாது. கரைந்தது கரைந்ததுதான். சாதாரண சுத்திகரிப்பு நிலையத்தின் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் அப்படியே வெளியே வரும்.

பட்டைப் பதம் இருந்த காலத்தில் இது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அளவு குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல்லாவரம் பக்கம் சேம்பர்ஸ் குரோம் தோல் ஆலையை ஆரம்பித்துவிட்டார் (குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது அதனால்தான்). ஆனால் பாலாற்றுப் பகுதியில் குரோம் முறை பெரிய அளவில் பரவியது பிற்பாடுதான். 1973 முதல் பச்சைத் தோல், அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 'முடித்த தோலையும் செருப்பையும் விற்றால் கூடுதல் அந்நியச் செலாவணி, கூடுதல் வேலை' என்ற கணக்கு. கணக்கு பலித்தது. ஆலைகள் பெருகின, ஷூ கம்பெனிகள் வந்தன, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அழுக்கை லண்டனும் ஹாம்பர்க்கும் பங்குபோட்டுக்கொண்ட காலம் முடிந்து, மொத்த அழுக்கும் இங்கேயே தங்கியது.

பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணல் மட்டும்தான். மேலே ஓடாத ஆறு அடியில் ஓடும். அந்த ஊற்றை நம்பித்தான் கரையோரக் கிணறுகள். கிணற்றுத் தண்ணீர் உப்பானது, தென்னை காய்ப்பு குறைந்தது, நெல் கருகியது. 1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு இன்று நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடம். தோல் ஆலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக ஒரு ஆய்வை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றதற்கு இந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கறிக்கும் இறாலுக்கும் குளிர் வந்ததே, தோலுக்கு ஏன் வரவில்லை?

குளிர் நம் நாட்டுக்கு வராமலும் இல்லை. 1953லேயே கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குப் போக ஆரம்பித்தது. பிறகு தூத்துக்குடி, சென்னை, விசாகப்பட்டினம். 2022-23ல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவு சுமார் 17 லட்சம் டன், அதில் உறைந்த இறால் மட்டும் 7 லட்சம் டன். ரீஃபர் என்று சொல்லும் குளிர்பதன கன்டெய்னர்கள் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் கரண்ட் பிளக்கில் மாட்டியபடி, உள்ளே மைனஸ் 18 டிகிரி. எருமைக்கறியும் இதே மாதிரிதான் போகிறது. உலகச் சந்தையில் அதில் இந்தியாவுக்கு முன்வரிசை இடம். ஆக அறிவும் இயந்திரமும் இல்லாமல் இல்லை.

தோலுக்கும் குளிர் வேலை செய்யும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். 2 முதல் 4 டிகிரியில் வைத்தால் ஓரிரு வாரம் உப்பே இல்லாமல் தாங்கும். ஐரோப்பாவில் சில இடங்களில் அறுப்புக் கூடத்திலிருந்து குளிரூட்டிய தோல் நேராக ஆலைக்குப் போகிறது. கறி மாதிரி அப்படியே உறையவைப்பதுதான் சிக்கல்: மடித்து அடுக்கிய தோலின் நடுப்பகுதி குளிர்வதற்குள் கெட ஆரம்பித்துவிடும், பனித்துகள் நார்களைச் சிதைக்கும் என்ற பயமும் உண்டு. அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உப்பைக் குறைக்கும் முறைகள் பலவற்றை முயன்று பார்த்திருக்கிறது. போரிக் அமிலத்தைக் கொஞ்சம் சேர்த்து உப்பைப் பெருமளவு குறைப்பது அதில் ஒன்று.

தடை விஞ்ஞானத்தில் இல்லை. நம் ஊர் அறுப்பு முறையில் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரே கூரையின் கீழ் ஆயிரம் ஆடு. இங்கே ஆயிரம் கடையில் ஆயிரம் ஆடு. நமக்குக் கறி சுடச்சுட, கண்ணெதிரே வெட்டிக் கொடுத்தால்தான் திருப்தி. உள்ளூர்க் கறிக்கே குளிர்ச் சங்கிலி இல்லாதபோது, தோல் ஒன்றுக்காக யார் குளிர் அறை கட்டுவார்? குளிர் வந்ததெல்லாம் வெளிநாட்டுக்காரர் தின்னும் சரக்குக்குத்தான், ஏனென்றால் அவர் அதற்குக் காசு கொடுத்தார். இன்னொன்று: உப்பு போடுகிறவர் ஒரு ஊரில், உப்பைக் கழுவுகிறவர் இன்னொரு ஊரில், அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர் மூன்றாவது ஊரில். முதல் ஆளுக்கு உப்பின் விலை சில ரூபாய். கடைசி ஆளுக்கு அதன் விலை ஒரு கிணறு. இந்த இரண்டு விலையும் எந்தப் பேரேட்டிலும் ஒன்றாக எழுதப்படவே இல்லை.

நீதிமன்றத்துக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஊறவைக்கும் முன் தோலை உதறி உப்பைக் கொட்டும் முறை வந்தது. ஊறல் தண்ணீரைத் தனியே பிரித்து வெயில் பாத்திகளில் காயவைத்தார்கள், ஆம்பூரில் உப்பளம்! பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற உத்தரவு. சவ்வூடு வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் இயந்திரங்கள் வந்தன. செலவு எக்கச்சக்கம். சிறு ஆலைகள் பல மூடின. இந்த ஏற்பாடும் ஆபத்தில்லாதது அல்ல. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் வளாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள்.

2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். வழக்கு மட்டும் பிரியவில்லை. 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு சொன்னது: பாதிக்கப்பட்டவர்களுக்கு மிச்சமுள்ள இழப்பீட்டைக் கொடுங்கள், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள், கண்காணிக்கக் குழு அமையுங்கள் என்று. முதல் மனு போட்டு 34 வருஷம்.

தண்ணீரை ஆவியாக்கிய பிறகு அடியில் மிஞ்சுவது என்ன? அதே உப்புதான். ஆனால் இப்போது அதில் வேறு ரசாயனங்களும் கலந்துவிட்டன. தோலுக்குத் திரும்பப் போட முடியாது, சமையலுக்கு நிச்சயம் ஆகாது, மண்ணில் புதைத்தால் மழையில் கரைந்து மறுபடி கிணற்றுக்குப் போகும். அதனால் மூட்டை கட்டி, சுத்திகரிப்பு நிலையக் கொட்டகைகளில் மழை படாமல் அடுக்கிவைக்கிறார்கள்.